59 கேள்விகளில் மூன்று

கடந்த மே மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, எங்கள் இரவுப் பாடசாலைக்கு ஒரு விருந்தாளி வந்தார். காலனி சமுதாயக் கூடத்தில் இரண்டு மின்விசிறிகளில் ஒன்றுதான் ஓடும். அதன் கீழே பாய் விரித்து, பத்தாம் வகுப்பு முதல் பிளஸ் டூ முடித்தவர்கள் வரை முப்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர் நம் மாவட்டத்துக்காரர். அப்பா கரும்பு வெட்டப் போனவர்; அம்மா ஊராட்சியில் தூய்மைப் பணியாளர். ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் படித்து, சமூகவியலில் முதுகலை முடித்து, கணவரின் வேலை காரணமாக அமெரிக்காவின் நியூ ஜெர்சிக்குப் போனவர். ஊர்ப் பெயரையும் தன் பெயரையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஏன் என்பது பின்னால் வரும்.

"அங்க என்னக்கா வேலை பார்க்கிறீங்க?" என்று ஒரு பையன் கேட்டான்.

"டாக்டருக்குப் படிக்கப் போற பசங்களுக்கு டியூஷன் எடுக்கிறேன்ப்பா."

"பயாலஜியாக்கா?"

"இல்ல. சோஷியாலஜி."

கூடமே சிரித்தது. நீட்டுக்காக இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி மட்டும் சிரிக்கவில்லை. "டாக்டர் பரீட்சையில சோஷியாலஜி கேட்பாங்களா?" என்று எழுந்து நின்று கேட்டார்.

கேட்கிறார்கள். அமெரிக்காவில் பிளஸ் டூ முடித்தவுடன் மருத்துவக் கல்லூரிக்குப் போவதில்லை. முதலில் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. அதன் பிறகு எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் நடத்தும் இந்தத் தேர்வில் மொத்தம் 230 கேள்விகள். இடைவேளைகளையும் சேர்த்தால் ஏழரை மணி நேரம் ஆகும். நான்கு பகுதிகள். வேதியியல்–இயற்பியல் ஒன்று, உயிரியல் ஒன்று, படித்துப் புரிந்துகொள்ளும் திறன் ஒன்று. நான்காவது பகுதி 2015இல் சேர்க்கப்பட்டது: உளவியலும் சமூகவியலும். 59 கேள்விகள், 95 நிமிடங்கள். இதற்கும் மற்ற பகுதிகளுக்கு உள்ள அதே மதிப்பெண்தான்.

டாக்டருக்கு எதற்குச் சமூகவியல்?

நம்மில் பலருக்கு வரும் கேள்விதான் அவர்களுக்கும் வந்திருக்கிறது. ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் மருந்து எழுதித் தரலாம். அந்த மருந்தை வாங்க அவரிடம் காசு இருக்கிறதா, வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வர முடிகிறதா, டாக்டர் சொன்னது புரிந்ததா, புரியவில்லை என்று சொல்லும் தைரியம் இருக்கிறதா என்பதெல்லாம் உயிரியல் புத்தகத்தில் இல்லை. நோய் குணமாவது பாதிக்கு மேல் அங்கேதான் நிற்கிறது என்பது நம் ஆரம்ப சுகாதார நிலையத்து வரிசையில் ஒருநாள் நின்றவர்களுக்குத் தெரியும்.

அமெரிக்காவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்நாட்டு மருத்துவத்துக்குக் கறுப்பின மக்களோடு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அலபாமா மாநிலத்தின் டஸ்கெகீ பகுதியில் 1932 முதல் 1972 வரை நாற்பது ஆண்டுகள், மேகநோய் கண்ட ஏழைக் கறுப்பின ஆண்களுக்கு வைத்தியம் செய்யாமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசுச் சுகாதாரத் துறையே வேடிக்கை பார்த்தது. பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. இது பழங்கதை என்று தள்ளவும் முடியாது. 2016இல் வெளியான வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், வெள்ளையின மருத்துவ மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களுமாக 222 பேரிடம் கேட்டபோது, ஏறத்தாழப் பாதிப் பேர் கறுப்பினத்தவர் உடலைப் பற்றிய ஏதாவது ஒரு பொய்யையாவது நம்பினார்கள். கறுப்பினத்தவருக்குத் தோல் தடிமன் என்பது அவற்றில் ஒன்று. அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள்.

"அவங்க தோல் நமக்கு மாதிரி இல்ல, வெயில் தாங்கும்" என்று நம் பெண்களைப் பற்றி வயல் வரப்பில் நின்றுகொண்டு சொல்பவர்களை நமக்குத் தெரியாதா என்ன!

கடைக்காரர் நல்லவரா, கெட்டவரா?

விருந்தாளி பேச்சை நிறுத்திவிட்டுப் பாடம் எடுக்கத் தொடங்கினார். அங்கே எடுப்பதையே இங்கே எடுக்கிறேன், பார்ப்போம் என்றார்.

இந்தப் பகுதிக்கு டியூஷன் என்பது பெரும்பாலும் சொற்களோடு மல்லுக்கட்டுவதுதான். நூற்றுக்கணக்கான கலைச்சொற்கள். மாணவர்கள் அவற்றைச் சிறு அட்டைகளாகக் கைப்பேசிச் செயலியில் போட்டு, மறக்கும் நேரம் பார்த்து மறுபடி மறுபடி புரட்டுகிறார்கள். மாணவர்களே எழுதிச் சுற்றுக்கு விடும் முந்நூறு பக்கக் குறிப்புகள் எல்லாம் உண்டு. இயற்பியலில் கெட்டிக்காரர்கள் இதை மனப்பாடப் பகுதி என்று கடைசி மாதத்துக்குத் தள்ளிவிட்டு, பிறகு விழிக்கிறார்களாம். ஏனென்றால் சொல்லின் பொருளை நேராகக் கேட்பது குறைவு. ஒரு ஆய்வைப் பற்றிய பத்தி, ஒரு வரைபடம், அதன் கீழே கேள்விகள். ஒன்றுக்கொன்று ஒட்டிப் பிறந்தது போன்ற நான்கு விடைகள். அவற்றைப் பிரித்துப் பார்க்கப் பழக்குவதுதான் ஆசிரியர் வேலை.

கரும்பலகையில் இரண்டு சொற்களை எழுதினார். ஒன்று, மனத்தில் இருக்கும் தப்பெண்ணம். இன்னொன்று, செயலில் காட்டும் பாகுபாடு. "இரண்டும் ஒண்ணா?" என்று கேட்டார். "ஒண்ணுதான்" என்றார்கள் பிள்ளைகள்.

"சரி, ஒரு டீக்கடைக்காரர். அவருக்கு நம்ம மேல எந்த வெறுப்பும் இல்ல. நல்லா பேசுவார், கடனும் கொடுப்பார். ஆனா ஊர்க்காரங்க வரமாட்டாங்கன்னு பயந்து நமக்குத் தனி டம்ளர் வச்சிருக்கார். இவர்கிட்ட இருக்கிறது எது?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்வரிசையில் இருந்த பையன் ஒருவன், ஊரும் பேரும் சொல்லி, "அந்தக் கடைக்காரர் அப்படித்தாங்க" என்றான். வெறுப்பு இல்லாமலே பாகுபாடு காட்டும் ஆள். 1949இலேயே ராபர்ட் மெர்ட்டன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இப்படிப்பட்டவரைத் தனி வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார். நியூ ஜெர்சிப் பிள்ளைகளுக்கு இந்த வகையைப் புரியவைக்க அரைமணி நேரம் ஆகுமாம். இங்கே ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அடுத்தது, சமூக மூலதனமும் பண்பாட்டு மூலதனமும். பிரெஞ்சுக்காரரான பியர் பூர்தியூ சொன்னவை. தேர்வில் அடிக்கடி குழப்பும் இரட்டையர்கள். தாலுகா ஆபீசில் யாரைத் தெரியும் என்பது முதலாவது. மனுவில் எப்படி எழுத வேண்டும், அதிகாரி முன்னால் எப்படிப் பேச வேண்டும் என்று வீட்டிலேயே படிந்துவரும் பழக்கம் இரண்டாவது. "ரெண்டும் இல்லாதவங்களுக்கு என்ன பேருக்கா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். அதற்கு அந்தப் பாடத்திட்டத்தில் பெயர் இருக்கிறது: சமூக விலக்கம்.

தமிழ் படித்தவர்கள் என்பதால் எங்களுக்கு இதில் ஒரு தனி ஆசை வந்துவிட்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ் தேடி ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினோம். 'ஸ்டிக்மா' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டோம். எர்விங் காஃப்மன் 1963இல் இதே பெயரில் ஒரு நூல் எழுதியவர். அடிமைகள், குற்றவாளிகள் உடம்பில் சுட்டும் கீறியும் போட்ட அடையாளத்துக்குக் கிரேக்கர் வைத்த பெயர் அது. களங்கம் என்று எழுதினோம். வடு என்று திருத்தினோம். ஒன்பதாவது படிக்கும் பெண், "தீட்டுன்னு போடலாம்ல?" என்றாள். களங்கம் ஒருவர் நடத்தையால் வருவது. வடு காயத்தால் வருவது. ஒன்றும் செய்யாமல், பிறந்ததாலேயே ஒட்டிக்கொண்டு, தொட்டால் அடுத்தவருக்கும் பரவும் என்று சொல்லப்படுவதற்கு வேறு சொல் ஏது? எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது. மனநோயாளியைச் சமூகம் ஒதுக்குவதும் ஸ்டிக்மாதான். ஆனால் இனம், குலம் வழியாகத் தலைமுறைக்குத் தலைமுறை இறங்குவது என்று காஃப்மன் பிரித்துச் சொல்லும் வகைக்குத் தீட்டு என்றே எழுதிவிட்டோம்.

321 சிறுவர்கள்

அன்று மாலை கூடம் அடங்கிப்போனது அடுத்த பாடத்தில்தான். நம் கூட்டத்தைப் பற்றி ஊரில் நிலவும் தாழ்வான எண்ணம் நினைவுக்கு வந்தாலே, அதைப் பொய்யாக்க வேண்டுமே என்ற பதற்றத்தில் தேர்வில் தடுமாறுவது. கிளாட் ஸ்டீல், ஜோஷுவா அரான்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1995இல் வெளியிட்ட ஆய்வு இது. 'இது உங்கள் அறிவை அளக்கும் தேர்வு' என்று சொல்லிக் கொடுத்தபோது கறுப்பின மாணவர்கள் பின்தங்கினார்கள். அப்படிச் சொல்லாதபோது இடைவெளி சுருங்கியது. இதன் தாக்கம் எவ்வளவு பெரியது என்பதில் பிற்காலத்து ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. ஆனால் எம்கேட் பாடத்திட்டத்தில் இருக்கிறது, கேட்கிறார்கள்.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு சோதனை நடந்திருக்கிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியலாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களை வைத்து நடத்தியது. ஆதிக்கச் சாதிச் சிறுவர்கள் 321 பேர். ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் 321 பேர். காகிதத்தில் உள்ள சிக்கல் பாதைக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்கும் ஒவ்வொன்றுக்கும் காசு. யார் என்ன சாதி என்று சொல்லாதபோது இரு தரப்பும் ஒன்றுபோலச் செய்தார்கள். பெயரோடு சாதியையும் எல்லார் முன்னாலும் வாசித்த பிறகு, ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் கண்டுபிடித்த வழிகள் கணிசமாகக் குறைந்தன. அதே பிள்ளைகள், அதே காகிதம், அதே காசு.

விருந்தாளி இதைச் சொல்லி முடித்ததும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஸ்காலர்ஷிப் ஃபாரம் வந்தா எங்க மிஸ், எஸ்.சி. பசங்கல்லாம் எழுந்திரிங்கன்னு சொல்வாங்க" என்றாள் ஒருத்தி. "எங்க ஸ்கூல்லயும்" என்றது இன்னொரு குரல். அந்த ஆசிரியை கெட்ட எண்ணத்தில் சொல்வதாக நாங்கள் நினைக்கவில்லை. படிவத்தைத் தனியாகக் கூப்பிட்டுக் கொடுக்க ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். இதைப் படிக்கும் ஆசிரியர்கள் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

டியூஷனுக்கு என்ன விலை?

சமத்துவமின்மையைப் பாடமாக வைத்திருக்கும் தேர்வு என்று மெச்சிக்கொள்ள நினைத்தால், அதன் கட்டணத்தைக் கேட்டதும் மெச்ச முடியவில்லை. தேர்வெழுதவே 300 டாலருக்கு மேல். நம் பணத்தில் 25,000 ரூபாய்க்கு மேல். பெரிய பயிற்சி நிறுவனங்களின் வகுப்புக்கு 2,000 டாலரைத் தாண்டும். தனி டியூஷன் என்றால் மணிக்கு 100 டாலருக்கு மேல் வாங்குவது சாதாரணம். பணம் உள்ள வீட்டுப் பிள்ளை, ஏழ்மை ஏன் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது என்ற பாடத்தை மணிக்கு 100 டாலர் கொடுத்துக் கற்றுக்கொள்கிறது. அந்த ஏழ்மையில் பிறந்த பிள்ளைக்கு அந்த வகுப்பு எட்டாது. பூர்தியூ உயிரோடு இருந்தால் வேறு உதாரணம் தேடியிருக்க மாட்டார்.

விலை இல்லாத வழிகளும் அங்கே இருக்கின்றன. நம் மாணவர்களுக்கும் அவை பயன்படும் என்பதால் சொல்கிறோம். ஏழை மாணவர்களுக்குத் தேர்வுச் சங்கமே கட்டணத்தைக் குறைத்து, பயிற்சி நூல்களை இலவசமாகத் தருகிறது. கான் அகாடமி இந்தப் பகுதி முழுவதற்கும் காணொலிப் பாடங்கள் எடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் நிறுவனம் உளவியல், சமூகவியல் அறிமுக நூல்களை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிட்டிருக்கிறது. எளிய ஆங்கிலம். பி.ஏ. சமூகவியல், சமூகப்பணி, உளவியல் படிக்கிறவர்களும் போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்களும் எடுத்துப் படிக்கலாம்.

நம் விருந்தாளி வாரத்தில் இரண்டு பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் எடுக்கிறார். ஒருத்தி ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்யும் தாயின் மகள். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அவளுக்குப் பாடம் நடத்துவதுதான் மற்ற எல்லாரையும்விடக் கஷ்டம் என்றார். எங்களுக்கு வியப்பாக இருந்தது. வாழ்ந்து தெரிந்துகொண்டவளுக்கு எளிதாகத்தானே இருக்க வேண்டும்?

"அவளுக்கு எல்லாம் தெரியும் தோழர். அதுதான் சிக்கல். பத்தியில ஒரு ஆய்வு இருக்கும், அந்த ஆய்வு காட்டுறது மட்டும்தான் விடை. அவ தன் வீட்டுல நடந்ததை வச்சு விடை போடுவா. தப்பாயிடும். நீ சொல்றது உண்மைதான், ஆனா அது இந்தப் பத்தியில இல்லன்னு ஒவ்வொரு வாரமும் சொல்லணும். சொல்லும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கும்."

இன்னொன்றும் சொன்னார். இந்தப் பகுதியில் உளவியல் 65 விழுக்காடு, சமூகவியல் 30, மீதி உயிரியல். அதிலும் வர்க்க அடுக்கு, வறுமை, ஏழைக்கு மருத்துவம் கிடைக்காமை என்று நாம் மேலே பேசியவற்றில் பாதி அடங்கும் கடைசி அலகுக்கு ஒதுக்கியிருப்பது 5 விழுக்காடு. 59 கேள்விகளில் ஏறக்குறைய மூன்று. நேரம் போதாதவர்கள் அந்த அலகை விட்டுவிடலாம் என்றுகூட யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்களாம்.

'இப்போது இல்லைதானே?'

அந்த மூன்று கேள்விக்கான பாடத்தில்தான் நாமும் வருகிறோம். சமூக அடுக்குமுறையில் திறந்தது, மூடியது என்று இரண்டு வகை. மூடியதற்கு உதாரணமாக அமெரிக்கப் பாடநூல்கள் வழக்கமாகக் காட்டுவது இந்தியச் சாதியை. பிறப்போடு வரும் நிலை. முயன்றாலும் மாற்றிக்கொள்ள முடியாது. நியூ ஜெர்சிக்கு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 1916 மே 9 அன்று, 25 வயது மாணவராக அண்ணல் அம்பேத்கர் வாசித்த கட்டுரை சாதியைத் தனக்குள் அடைத்துக்கொண்ட வர்க்கம் என்று விளக்கியது. நூறு ஆண்டு கழித்து அது பலவுள் தெரிவு வினாவாக வந்திருக்கிறது.

விருந்தாளியிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் இந்திய வம்சாவளியினர். முதல் வகுப்புக்கு முன்னால் பெற்றோர் பேசுவார்கள். தமிழ்க் குடும்பம் என்றால் மகிழ்ச்சியோடு, "எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" என்பார்கள். அதன் பிறகு, "வீட்டுல நான்வெஜ் உண்டா?" நம் ஊரில் கேட்பதைவிடக் கொஞ்சம் சுற்றி வளைத்த கேள்விகள். இவர் மாவட்டத் தலைநகரின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்வார். பெயர் போட வேண்டாம் என்றதற்கு இதுதான் காரணம். சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடுத்தது. அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அதன் ஆளுநர் மறுத்துவிட்டார். சட்டம் எப்படியோ, ஒருவருக்கொருவர் சொல்லித்தான் டியூஷனுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள்.

போன ஆண்டு அப்படி ஒரு வீட்டுப் பெண், இந்தப் பாடத்தை நடத்தும்போது கேட்டாளாம்: "இது இப்போது இல்லைதானே, ஆன்ட்டி?"

"நான் என்ன சொன்னேன் தெரியுமா தோழர்? சட்டப்படி ஒழிச்சிட்டாங்கன்னு சொல்லிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பிட்டேன்."

சொல்லிவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு ஒழித்தது தீண்டாமையைத்தான், சாதியை இல்லை என்று எங்களில் ஒருவர் திருத்தப் போனார். மற்றவர்கள் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தோம்.

நம் பக்கம்

நம்முடைய நீட் தேர்வில் 180 கேள்விகள். இயற்பியல், வேதியியல், உயிரியல். சமூகம் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. நீட் பற்றி இந்தப் பத்தியின் நிலைப்பாடு வாசகர்களுக்குத் தெரியும். அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவின் 1,176 மதிப்பெண் எடுபடாமல் போன 2017ஆம் ஆண்டிலிருந்து இங்கே எழுதிவருகிறோம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் நம் பிள்ளைகள் சிலர் உள்ளே போனார்கள். உள்ளே போன பிறகு என்ன நடக்கிறது என்பது வேறு கதை. எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் தலித், பழங்குடி மாணவர்கள் படும் பாட்டை 2007இல் தோரட் குழு அறிக்கையாகவே கொடுத்தது. 2019இல் மாற்றிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, அறநெறி, நோயாளியோடு பேசும் முறை என்று ஒரு பாடம் சேர்த்திருக்கிறார்கள். நல்லதுதான்.

அப்படியானால் நீட்டிலும் சமூகவியலைச் சேர்க்கச் சொல்லலாமா என்று அன்று கூடத்தில் விவாதம் நடந்தது. எங்களுக்குச் சம்மதமில்லை. சேர்த்த மறுநாளே, 'தீண்டாமை: கட்டாயம் வரும் ஐந்து வினாக்கள்' என்று பயிற்சி மையங்கள் புத்தகம் போட்டுவிடும். அதையும் காசு கொடுத்துப் படித்து, தனி டம்ளருக்குச் சரியான கலைச்சொல்லைக் குறித்துவிட்டு, அதே டீக்கடையில் உட்கார்ந்து டீ குடிக்கலாம். இரண்டாம் முறை நீட் எழுதும் மாணவி இதை ஒப்பவில்லை. "எங்களுக்குத் தெரிஞ்சதுல இருந்து மூணு கேள்வியாவது வரட்டுமேண்ணா. பிசிக்ஸ்ல அவங்களுக்குத் தெரிஞ்சதுதானே வருது" என்றார். அதற்கு அன்றைக்கு எங்களிடம் பதில் இல்லை. இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

ஜூன் கடைசியில் நியூ ஜெர்சியிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவியோடு அதே அலகுக்கு வந்திருக்கிறார். அவளும் இந்தியக் குடும்பம். இவள் கேட்கவில்லை; இவரே சொல்லியிருக்கிறார். புத்தகத்தில் இறந்தகாலத்தில் போட்டிருக்கிறார்கள், அது இன்னும் இருக்கிறது, அந்தக் கடைசிப் படியில் பிறந்தவள்தான் நான் என்று. அந்தப் பெண் திரையில் சற்று நேரம் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். பிறகு கேட்டாளாம்:

"அப்படியென்றால் இந்தக் கேள்விக்கு எந்த விடையைக் குறிக்க வேண்டும், ஆன்ட்டி?"

"பிறப்பால் வரும் நிலை. ஆ-வைக் குறி" என்றாராம்.